சாய்ந்து மிதிக்கும் சைக்கிளும் குரங்குப் பெடல் மென்பொருளும்

ஆடி மாதத்து மாலையில் போத்தனூரிலிருந்து மதுக்கரை வழியாக வாளையார் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்த அனுபவம் தொடையில் பதிந்திருக்கும். சாலை ஏற்றமில்லை, டயரில் காற்று குறையவில்லை, பிரேக் உரசவில்லை. ஆனாலும் வண்டி நகர மறுக்கும். எதிரே வருவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அந்த இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசைகட்டி நிற்கும் காற்றாலைகள் சுற்றுவது அதே காற்றில்தான். கோவைக்குச் சிலுசிலுப்பைக் கொடுத்ததும் அதுதான். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மேற்கே போகிறவருக்கு மட்டும் அது கண்ணுக்குத் தெரியாத சுவர்.

அந்தச் சுவருக்கு ஒரு கணக்கு உண்டு. காற்றின் தடை, உடம்பில் மோதும் காற்றின் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதிப்பவர், காற்றசைவே இல்லாத நாளில் காற்றைக் கிழிக்க மட்டும் தோராயமாக 47 வாட் செலவிடுகிறார். எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் அவர் நெஞ்சில் மோதுவது 40 கி.மீ. வேகக் காற்று. தடை நான்கு மடங்காகிறது. அதே 20 கி.மீ. வேகத்தை விடாமல் பிடிக்க ஏறத்தாழ 190 வாட் வேண்டும். டயர் உருளுவதற்கான 25, 30 வாட் தனி. பயிற்சி எடுக்காத, ஆனால் ஆரோக்கியமான ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 100 வாட் அளவுதான். ஆகவே வேகம் குறைகிறது, முதுகு வளைகிறது, மணிக்கட்டில் பாரம் இறங்குகிறது, கழுத்து வலிக்கிறது.

இதற்கு உடம்பால் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: காற்றுக்குக் காட்டும் பரப்பைக் குறைப்பது. பந்தய வீரர்கள் முன்னால் குனிந்து அதைச் செய்கிறார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. பின்னால் சாய்ந்துகொள்வது.

சாய்வு சைக்கிள், ஆங்கிலத்தில் ரிகம்பன்ட் என்று அழைக்கப்படும் வண்டி, பார்வைக்கு ஈசி சேருக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். இருக்கை தாழ்வாக, முதுகுச் சாய்மானத்தோடு அமைந்திருக்கும். பெடல் கீழே இருக்காது. முன்னால், பல மாடல்களில் முன்சக்கரத்துக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் நுனியில் இருக்கும். கால்கள் கீழ்நோக்கி அழுத்துவதில்லை, முன்னோக்கி உதைக்கின்றன. அந்த உதைக்கு எதிர்ப்பிடி கொடுப்பது சாய்மானம். சாதாரண சைக்கிளில் உள்ளங்கை அளவுள்ள சீட்டில் இறங்கும் எடை, இங்கே முதுகு முழுவதும் இடுப்பு முழுவதும் பரவிவிடுகிறது. நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும் தொல்லை உண்டு. உள்ளங்கை ஓரமாக ஓடும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதால் வருவது அது. சாய்வு சைக்கிளில் கைமேல் எடையே இல்லை. முன்பரப்பு குறைவதால், மேலே சொன்ன கணக்கில் காற்றுக்கான செலவு கிட்டத்தட்டப் பாதியாகிறது. 190 வாட் கேட்ட எதிர்காற்று இப்போது 95 வாட்டோடு நின்றுவிடும். வாளையார்ச் சாலையில் அது தோற்றுத் திரும்புவதற்கும் போய்ச் சேருவதற்கும் உள்ள வேறுபாடு.

இவ்வளவு நல்ல வண்டி ஏன் ஊருக்குள் கண்ணில் படுவதில்லை? பாதி விடை இயற்பியலில் இருக்கிறது. மீதிப் பாதி 1934-ஆம் ஆண்டில் ஒரு விளையாட்டு அமைப்பு எடுத்த முடிவில் இருக்கிறது.

பிரான்சில் சார்ல் மோஷே என்ற வண்டி வடிவமைப்பாளர் தம் மகன் ஜார்ஜுக்காக நான்கு சக்கர மிதிவண்டி ஒன்றைச் செய்தார்; சைக்கிள் ஆபத்தானது என்று மகனின் தாய் அஞ்சியதுதான் காரணம் என்பார்கள். அந்த வண்டியின் வேகம் அவரையே யோசிக்க வைத்தது. அதை நடுவே பிளந்தது போல இரண்டு சக்கரச் சாய்வு சைக்கிளை உருவாக்கினார். அதை ஓட்ட வந்தவர் பிரான்சிஸ் ஃபோர், முன்வரிசை நட்சத்திரம் அல்லாத பந்தய வீரர். 1933 ஜூலை 7 அன்று அவர் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். 1914-இல் ஆஸ்கர் எக் நிறுவி, 19 ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியாமல் இருந்த 44.247 கி.மீ. சாதனை உடைந்தது. அடுத்த மாதமே மோரிஸ் ரிஷார் வழக்கமான சைக்கிளில் 44.777 கி.மீ. ஓட்டினார். இரண்டில் எது சாதனை?

உலக சைக்கிள் ஒன்றியம் 1934-இல் சைக்கிள் என்றால் என்ன என்பதையே வரையறுத்தது. சீட்டுக்கும் பெடலுக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே இருக்க வேண்டிய தூரங்களை அளவு போட்டு எழுதியது. அந்த அளவுக்குள் மோஷேயின் வண்டி வரவில்லை. சாதனைப் பட்டியலில் ரிஷாரின் பெயர் ஏறியது. மோஷே அதே ஆண்டில் இறந்துபோனார். ஃபோர் மட்டும் விடவில்லை. 1939-இல் உறை போர்த்திய சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 50 கி.மீ. எல்லையைத் தாண்டினார். வழக்கமான சைக்கிளில் அந்த எல்லையைத் தாண்ட 1984 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பந்தயத்தில் இடமில்லாத வண்டியைப் பெரிய தொழிற்சாலைகள் செய்யவில்லை. செய்யாததால் விலை இறங்கவில்லை. விலை இறங்காததால் தெருவுக்கு வரவில்லை. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ‘ரோவர்’ சைக்கிளின் வடிவமே இன்றுவரை சைக்கிளின் வடிவம். 1949-இல் தொடங்கி அம்பத்தூரில் ஆலை அமைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கொடுத்த கறுப்பு ஹெர்குலிஸும் அந்த வம்சம்தான். 1976-இல் அமெரிக்காவில் மனித ஆற்றல் வண்டிகளுக்கென்றே ஒரு சங்கம் உருவாகி, வடிவத்துக்குத் தடை போடாத பந்தயங்களை நடத்தத் தொடங்கிய பிறகுதான் சாய்வு வண்டிக்கு மறுபடி உயிர் வந்தது. நெவாடா மாநிலத்தின் பேட்டில் மவுண்டன் அருகே சமதளச் சாலையில் 2016-இல் கனடாவின் டாட் ரைகர்ட், ‘ஈட்டா’ என்ற உறைபோட்ட வண்டிக்குள் படுத்தபடி மிதித்து மணிக்கு 144.17 கி.மீ. வேகத்தைத் தொட்டார். எஞ்சின் இல்லை, மோட்டார் இல்லை. இரண்டு கால்கள் மட்டும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி ஏற்றத்தில் சாய்வு சைக்கிளுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அங்கே எதிரி காற்று இல்லை, புவியீர்ப்பு. மணிக்கு 7, 8 கி.மீ. வேகத்தில் காற்றுத்தடை கணக்கிலேயே வராது. வண்டியின் எடைதான் பேசும், சாய்வு சைக்கிள் பொதுவாகக் கூடுதல் எடை கொண்டது. பெடல்மேல் எழுந்து நின்று உடம்பின் பாரத்தை இறக்கி மிதிக்கவும் வழியில்லை. உக்கடம் பக்கத்து நெரிசலில் பேருந்து ஓட்டுநரின் கண்ணுக்குத் தாழ்வான வண்டி தப்பிவிடலாம். அதனால்தான் பின்னால் உயரமான கம்பியில் கொடி கட்டுகிறார்கள். பெயின்ட் அடிக்காத வேகத்தடை வந்தால் அடிப்பக்கம் உரசும். சங்கிலி சாதாரண சைக்கிளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். அதை வளைத்துக் கொண்டுபோக இடையில் ஐட்லர் என்ற கப்பி வேண்டும். வெயிலோ நேரே முகத்தில் விழும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, ஓட்டக் கற்பது. இருபது ஆண்டுகளாக சைக்கிள் ஓட்டியவரும் சாய்வு சைக்கிளில் ஏறியதும் முதல் பத்து மீட்டரில் தள்ளாடுவார். உடம்புக்குத் தெரிந்த சமநிலை வேறு. சாதாரண சைக்கிளில் இடுப்பை அசைத்தும் தோளைச் சாய்த்தும் ஆயிரம் சின்னத் திருத்தங்களை அறியாமலே செய்கிறோம். இங்கே இடுப்பு சாய்மானத்தில் பதிந்துகிடக்கிறது. திருத்தம் முழுவதும் ஹேண்டில்பார் வழியாகவே நடக்க வேண்டும். சைக்கிள் எப்படி விழாமல் போகிறது என்பதே இயற்பியலில் எளிதாக முடிந்துபோன கேள்வி அல்ல. சுழலும் சக்கரத்தின் கைரோ விளைவுதான் காரணம் என்று நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். அந்த விளைவை ரத்துசெய்துவிட்டு, முன்சக்கரத்தின் இழுவை அமைப்பையும் மாற்றிவிட்டு, ஆளில்லாமல் தள்ளிவிட்டாலும் தானே நிமிர்ந்து ஓடும் ஒரு சிறு வண்டியை நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் செய்துகாட்டினார்கள்.

பழகிய உடம்பு புதிதை ஏற்க எவ்வளவு நாள் ஆகும்? அமெரிக்கப் பொறியாளர் டெஸ்டின் சாண்ட்லின் 2015-இல் வெளியிட்ட காணொளி ஒன்று அதைக் காட்டியது. ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும்படி மாற்றிய சைக்கிள் அது. அதை ஓட்ட அவருக்கு எட்டு மாதம் பிடித்தது. அவருடைய சிறுவயது மகனுக்கு இரண்டே வாரம்.

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதே பாடத்தின் இன்னொரு வடிவம் தெரியும். குரங்குப் பெடல். வீட்டில் இருப்பதோ அப்பாவின் உயரத்துக்குச் செய்த ஒரே சைக்கிள். சீட்டில் ஏறினால் பிள்ளைக்குப் பெடல் எட்டாது. ஆகவே குறுக்குக் கம்பிக்குக் கீழே முக்கோணத்துக்குள் ஒரு காலை விட்டு, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால் சீட்டையும் பிடித்து, உடம்பை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, முழுச்சுற்றுப் போடாமல் அரைச்சுற்றாக மிதிப்பது. ஊரே அப்படித்தான் கற்றது. வண்டி உடம்புக்குப் பொருந்தவில்லை, உடம்பு வண்டிக்குப் பொருந்திக்கொண்டது. விழுந்து முட்டி பேர்ந்தால் ‘நிதானமில்லாத பையன்’ என்று திட்டு விழும். சைக்கிளின் உயரத்தை யாரும் குறை சொன்னதில்லை.

சாய்வு வண்டியில் ஆசை கொண்டவர்கள் பெரும்பாலும் கணினியோடும் மல்லுக்கட்டுகிறவர்கள். வார நாளில் திரை முன், ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் புகையில். அவர்களுடைய இரண்டு பேச்சுகளும், சைக்கிள் பேச்சும் மென்பொருள் பேச்சும், கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: கருவி மனிதனுக்கு வளைய வேண்டுமா, மனிதன் கருவிக்கு வளைய வேண்டுமா? சைக்கிளில் வளைவது முதுகு. கண்ணுக்குத் தெரிகிறது, வலிக்கிறது. மென்பொருளில் வளைவது பழக்கமும் பெயரும் மொழியும். அங்கே நாடே குரங்குப் பெடல் போட்டுக்கொண்டிருக்கிறது. தவறு நேர்ந்தால் ‘எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க’ என்று தன்னையே நொந்துகொள்கிறது.

பெயரில் தொடங்கலாம். தமிழ்நாட்டில் ஒருவருக்கு ஒரு பெயர், முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. ஆயிரக்கணக்கான மின்படிவங்கள் ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டாவதையும் நிரப்பாமல் நகர விடுவதில்லை. இனிஷியலைப் போட்டால் ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்று சில படிவங்கள் திருப்பி அனுப்பும். தகப்பனார் பெயரைப் போட்டால், வெளிநாட்டில் ஆயுள் முழுக்க அந்தப் பெயரால் அழைக்கப்படுவார். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருப்பவருக்கு அமெரிக்க விசாவில் ‘முதல் பெயர் தெரியாது’ என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கம் பெயராகவே அச்சாகிவிடும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் வருகை விசாவில் நுழைய முடியாது என்று அறிவித்தது. தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். பெயரில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு, உலகத்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று எண்ணிக்கொண்டு கட்டம் போட்டவரின் மனத்தில் இருக்கிறது.

மொழிக்கும் அதே கதி. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு மூன்று எழுத்து என்று முதல் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஒருங்குறியில் அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழுக்கு வந்தால் 70 குறியீட்டோடு முடிந்துவிடும். ‘வாழ்த்துகள்’ என்ற ஆறெழுத்துச் சொல்லே அதில் பதினொன்றைத் தின்றுவிடும். ஒருங்குறி வருவதற்கு முந்தைய காலம் இன்னும் மோசம். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தன. பாமினியில் அடித்த ‘தமிழ்’, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று திறக்கும். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ஆய்வேடு என்று எத்தனையோ கோப்புகள் இப்படிப் பூட்டிக் கிடக்கின்றன.

அந்தப் பூட்டைத் திறக்கும் முயற்சியில் கோவைக்கும் பங்கு உண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை இங்கே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தன. அதையொட்டித்தான் தமிழக அரசு ஒருங்குறியையும், எல்லாத் தமிழ் எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுக்கும் 16 பிட் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அரசாணைகளுக்கு வெகுகாலம் முன்பே மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களில் முரசு மென்பொருளையும், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி கணியனையும் உருவாக்கியிருந்தார்கள். இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இன்று செல்பேசியில் தமிழ் அடிப்பவர் ஒவ்வொருவரும் இவர்கள் போட்ட தடத்தில்தான் போகிறார்.

இந்த வரலாற்றில் சாய்வு சைக்கிளுக்கு ஒப்பான ஒன்று உண்டு. 1999-இல் தரமாக அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில் இருப்பதால் இரண்டு கைகளும் மாறிமாறி உழைக்கும். அடிக்கடி வரும் எழுத்துகள் விரல் ஓய்வெடுக்கும் வரிசையிலேயே இருக்கும். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டு போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதன் தலையில் புள்ளி வைக்க வேண்டும் என்பது தமிழின் இயல்பு. அதைக் கருவியே செய்துகொள்கிறது. ‘பந்து’ என்று அடித்தால் ந-வுக்கும் புள்ளி தானாக வரும். மொழியின் இலக்கணத்தை இயந்திரம் கற்றுக்கொண்டு மனிதனின் விரலுக்கு ஓய்வு கொடுத்த அருமையான வடிவமைப்பு இது. ஆனாலும் பழைய தட்டச்சு முறையில் பழகிய விரல்களும், ஆங்கில ஒலியை வைத்துத் தமிழ் அடிக்கும் விரல்களும் இதற்கு மாறத் தயங்குகின்றன. முதல் பத்து மீட்டர் தள்ளாட்டம் இங்கேயும் உண்டு.

தள்ளாட்டத்தைக் காரணம் காட்டிப் புதியதை எல்லாம் வரவேற்கவும் முடியாது. தமிழ்99 கற்பவருக்குத் தள்ளாட்டத்தின் முடிவில் கூலி உண்டு. மென்பொருள் உலகில் கூலியில்லாத தள்ளாட்டமே அதிகம். 2012-இல் வந்த விண்டோஸ் 8, பதினேழு ஆண்டுகளாக இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டது. கோடிக்கணக்கான கைகள் வெற்றிடத்தைத் தட்டின. மறு ஆண்டே பொத்தான் திரும்பி வந்தது. 2015-இல் விண்டோஸ் 10 அதன் பழைய மெனுவையும் ஒரு வகையில் மீட்டுக் கொடுத்தது. சாண்ட்லினின் தலைகீழ் சைக்கிளை ஊருக்கே ஓட்டக் கொடுத்தது போன்ற காரியம் அது.

காத்திருக்க வைப்பது இன்னொரு குறை. திரையில் தட்டியதற்குப் பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் பதில் வந்தால், தானே அதை நேரடியாகச் செய்ததாக மனிதர் உணர்கிறார். ஒரு விநாடி வரை எண்ணத்தின் ஓட்டம் அறுவதில்லை. பத்து விநாடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். ராபர்ட் மில்லர் 1968-இலேயே இந்த எல்லைகளைப் பற்றி எழுதினார். யாக்கோப் நீல்சன் 1990-களில் அதைப் பரவலாக்கினார். மனித மூளை அன்றிலிருந்து மாறவில்லை. கணினியின் வேகமோ பல்லாயிரம் மடங்கு கூடிவிட்டது. ஆனாலும் காத்திருப்பு குறையவில்லை. பாஸ்கல் நிரல்மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-இல் இதைத்தான் ஆதங்கத்தோடு எழுதினார்: வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிக்கொண்டிருக்கிறது என்று. சைக்கிள் கட்டுபவர்களுக்கு இது பொறுக்காததில் வியப்பில்லை. சுத்தமாக எண்ணெய் போட்ட சங்கிலி, காலின் ஆற்றலில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் சக்கரத்திடம் சேர்த்துவிடும். ஐட்லர் ஒன்றைக் கூட்டினால் எத்தனை வாட் நஷ்டம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

போத்தனூரில் நின்றுகொண்டு இதைப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த ரயில் பாதை 1862-இல் தொட்ட சந்திப்பு இது. கோவை நகருக்குக் கிளைப்பாதை போனது அதற்குப் பிறகுதான். தெற்கு ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனை இங்கேதான் இருக்கிறது. சிக்னல் துறை என்பதே ‘மனிதன் தவறு செய்வான்’ என்பதை ஒப்புக்கொண்டு அதன்மேல் கட்டிய துறை. 1856-இல் இங்கிலாந்தின் ஜான் சாக்ஸ்பி காப்புரிமை பெற்ற இன்டர்லாக்கிங் முறையின் சாரம் எளியது. தண்டவாளம் சரியான பக்கம் திரும்பிப் பூட்டிக்கொண்டால் ஒழிய, ரயிலுக்கு வழிவிடும் சிக்னலின் லீவரை எவ்வளவு பலமாக இழுத்தாலும் அது வராது. ‘நிச்சயமா?’ என்று கேட்டுவிட்டு அழித்துவிடும் மென்பொருளைப் போல அது பொறுப்பைப் பயனாளியின் தலையில் கட்டுவதில்லை.

ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் இருந்த நீல்ஸ் பந்து டோக்கன் கருவி இன்னும் அழகு. இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு சிவப்புப் பெட்டி. இரண்டையும் மின்கம்பி இணைக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஓர் உலோகப் பந்து வெளியே வந்தால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பிப் போகும்வரை இரண்டும் இறுகிவிடும். அந்தப் பந்தைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, நகரும் ரயிலின் டிரைவரிடம் நீட்டுவார்கள். கையில் பந்து இருந்தால் பாதை உங்களுடையது. இல்லையென்றால் நிற்க வேண்டும். கையேடு படிக்காதவருக்கும் புரியும் அனுமதிச் சீட்டு அது, கையில் கனக்கும்.

தவறு நேர்ந்த பிறகு அதைச் சொல்வதிலும் மென்பொருள் கற்க வேண்டியது தெருமுனைப் பஞ்சர் கடையில் இருக்கிறது. ட்யூபை வெளியே இழுத்து, காற்றடித்து, துருப்பிடித்த தொட்டித் தண்ணீரில் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வருவார்கள். ஒரு புள்ளியில் குமிழ் கிளம்பும். ஓட்டை இருக்கிறது, இங்கே இருக்கிறது, இவ்வளவு பெரிது என்று மூன்றையும் அந்தக் குமிழ் ஒரே நொடியில் சொல்லிவிடுகிறது. விரலால் அடைத்து, துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டுவிட்டு, மறுபடி தண்ணீரில் அழுத்திப் பார்ப்பார்கள். குமிழ் இல்லை என்றால் வேலை முடிந்தது. ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்’ என்று திரையில் வரும் வாசகத்தில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா? இருபது கட்டம் நிரப்பிய படிவத்தில் எந்தக் கட்டத்தில் பிழை என்று காட்டாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கேட்கும் நிரல், முதியவர் ஒருவரின் ஒரு நாள் கூலியை, ஒரு நாள் நிம்மதியைப் பறிக்கிறது. அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இந்தியாவில் உட்கார்ந்து ஓட்டும் மனித ஆற்றல் வண்டி இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியை எல்லா ஊரிலும் பார்க்கலாம். 1972-இல் கான்பூரில் தொடங்கிய அலிம்கோ அவற்றைச் செய்து வழங்கிவருகிறது. பாரா சைக்கிள் பந்தயங்களில் படுத்த நிலையில் கையால் சுற்றும் வண்டிகளுக்கு இடம் உண்டு. நடத்துவது 1934-இல் கதவைச் சாத்திய அதே உலக ஒன்றியம். பொறியியல் மாணவர்களுக்கான எஃபிசைக்கிள் போட்டியில் இருவர் அமர்ந்து மிதிக்கும், மின்மோட்டார் துணையுள்ள மூன்று சக்கர வண்டிகளைக் கல்லூரிப் பட்டறைகளிலேயே கட்டிக்கொண்டு வருகிறார்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று சக்கரம் வைத்தால் சமநிலைக் கவலையே இல்லை. சிக்னலில் காலை ஊன்றாமல் சாய்ந்தபடியே காத்திருக்கலாம். சைக்கிள் ஓட்டக் கற்காதவர்களுக்கும், முட்டி தேய்ந்தவர்களுக்கும் போத்தனூர், செட்டிபாளையம் போன்ற பக்கத்துச் சமதளச் சாலைகளில் இது நல்ல வண்டி.

கோவையில் அப்படி ஒன்றைக் கட்டுவது மற்ற ஊர்களைவிட எளிது. மோட்டாருக்கும் பம்புக்கும் கிரைண்டருக்கும் உதிரிபாகம் கடையும் லேத் பட்டறைகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. முன்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 20 அங்குல ரிம் போதும். அது பிள்ளைகள் சைக்கிளின் அளவு, ட்யூப் எந்தக் கடையிலும் கிடைக்கும். சங்கிலிக்கு இரண்டு மூன்று சைக்கிள் சங்கிலிகளை வாங்கி லிங்க் கழற்றி இணைத்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்காதது அந்த ஐட்லர் கப்பி மட்டும்தான். அதற்கு ஒரு துண்டு நைலான் உருளையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டும். இது எந்த வண்டிக்கு, ஏன் படுத்துக்கொண்டு மிதிக்கிறீர்கள் என்றெல்லாம் லேத்காரர் பிறகு ஆர்வமாகக் கேட்பார். முதலில் கேட்பது மூன்றே கேள்விகள்: சங்கிலி என்ன அகலம், பேரிங் நம்பர் என்ன, போல்ட் எத்தனை எம்எம்?